எடைபோட்டுப் பார்த்தவர்களின் மரபு

1918ஆம் ஆண்டு, நீலகிரி மலையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ஓர் ஆய்வு தொடங்கியது. பெரிபெரி என்னும் நோய் ஏன் வருகிறது என்று கண்டறிவதற்காக அமைந்த சிறு பிரிவு அது. அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சேலத்தில் சி. கோபாலன் பிறந்தார். அந்த ஒற்றை அறை வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. சேலத்துப் பிள்ளை மருத்துவராகி, அதே நிறுவனத்தில் சேர்ந்து, அதன் இயக்குநராகி, இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று உலகம் சொல்லும் நிலைக்கு உயர்ந்தார். நூறு வயதைக் கடந்து, 2019 அக்டோபர் 3ஆம் நாள் சென்னையில் மறைந்தார். நிறுவனத்துக்கும் மனிதருக்கும் ஒரே வயது. இரண்டின் வரலாற்றையும் பிரித்துச் சொல்ல முடியாது.

மறைந்த ஆராய்ச்சியாளர் ஒருவரை நினைவுகூர வழிகள் பல. படம் திறக்கலாம், கட்டடத்துக்குப் பெயர் சூட்டலாம், ஆண்டுக்கொரு சொற்பொழிவு வைக்கலாம். ஊட்டச்சத்துத் துறையில் இவற்றோடு இன்னொரு வழக்கமும் வேரூன்றியிருக்கிறது: மூத்தவர் பெயரால் இளம் அறிவியலாளருக்குப் பரிசு கொடுப்பது. சிதம்பரத்திலும் கடலூரிலும் இத்துறையில் படிக்கும் பிள்ளைகளின் கைக்கு இந்த மலர் போய்ச் சேரும் என்பதால், பரிசு பெற்றோர் பட்டியலைத் தருவதைவிட, பரிசுக்குப் பெயர் தந்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று சொல்வதே பயன் தரும் என்று நினைக்கிறேன். அவர்கள் மக்கள் வீட்டு அடுப்படிக்குப் போனார்கள். தட்டில் விழுவதை எடைபோட்டுப் பார்த்தார்கள். கண்டது தாங்கள் நம்பியதற்கு மாறாக இருந்தபோது நம்பியதைக் கைவிட்டார்கள். அவர்கள் பெயரிலான பரிசு இந்தப் பழக்கத்தை வளர்த்தால்தான் அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

குன்னூர் ஆய்வைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன், இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ மருத்துவர். கில்கிட் பள்ளத்தாக்கில் கழலை நோயை ஆராய்ந்து பெயர் பெற்றபின் குன்னூருக்கு வந்தவர். சென்னை மாகாணத்தின் வடக்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி அப்போது மிகுதி. ஆலையில் தீட்டித் தவிடு நீக்கிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த குடும்பங்களில் கால் மரத்துப்போவதும், இதயம் வீங்கி இறப்பதும் சாதாரணமாக நடந்தன. மெக்காரிசனின் ஆய்வு நேர்கோட்டில் வளரவில்லை. 1920களின் தொடக்கத்தில் அரசு சிக்கனம் என்ற பெயரில் அதை நிறுத்தியது. 1925இல் குறைபாட்டு நோய் விசாரணை என்ற பெயரில் அது மீண்டும் உயிர்பெற்றது. 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் என்று முழு வடிவம் பெற்றது.

அந்தக் காலத்தில் மெக்காரிசன் செய்த எலிச் சோதனை ஒன்று எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை அப்படியே சமைத்து, வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டைத் தின்ற எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன. நம்மவர்க்கு இது கசப்பான முடிவு. ஆனால் அரிசி தீயது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அரிசியைச் சுற்றி எதுவும் இல்லாத தட்டு என்ன செய்யும் என்பதைத்தான் அந்த எலிகள் காட்டின.

இங்கே ஒரு பெண்மணியையும் நினைவுகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய லண்டனிலிருந்து வந்த லூசி வில்ஸ், 1929இல் சில மாதங்கள் குன்னூரில் வேலை செய்தார். பிறகு சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் மகப்பேறு மருத்துவமனையிலும் நோயாளிகளைக் கவனித்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்த ரத்தசோகை தீர்கிறது என்று அவர் கண்டதே, பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் பிரித்தறியப்பட வழி திறந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்து இருப்பது அதுதான்.

1935இல் மெக்காரிசன் ஓய்வுபெற, ஜெனீவாவில் நாடுகளின் சங்கத்தில் பணியாற்றிய வாலஸ் அய்க்ராய்டு பொறுப்பேற்றார். ஆய்வகம் வீடுகளை நோக்கி நடக்கத் தொடங்கியது இவர் காலத்தில். கிராமங்களில் குடும்பம் குடும்பமாக உணவுக் கணக்கு எடுத்தார்கள். நம் கீரை, கிழங்கு, தானியம், மீன் எதில் எந்தச் சத்து எவ்வளவு என்று அட்டவணை போட்டு 1937இல் சிறு நூலாக வெளியிட்டார்கள். பின்னாளில் கோபாலன், ராமசாஸ்திரி, பாலசுப்பிரமணியன் மூவரும் 1971இல் புதுப்பித்த அட்டவணை நூலுக்கு மூலம் இதுதான். ஊட்டச்சத்து படித்த எவரும் அந்த நூலைப் புரட்டாமல் பட்டம் வாங்கியிருக்க முடியாது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 344 மில்லிகிராம், முருங்கைக்கீரையில் 440, அகத்திக்கீரையில் 1,130 என்று மேடைகளில் நாம் சொல்லும் எண்கள் அந்த அட்டவணையிலிருந்து வந்தவை.

அரிசி பற்றி 1940இல் அய்க்ராய்டும் கிருஷ்ணன், பாஸ்மோர், சுந்தரராஜன் ஆகியோரும் வெளியிட்ட ஆய்வறிக்கை நம் பகுதிக்கு மிக நெருக்கமானது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டில் உள்ள தயமின் என்னும் பி1 சத்து அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. புழுங்கல் அரிசி தின்னும் மாவட்டங்களில் பெரிபெரி ஏன் பரவவில்லை என்பதற்கு விடை இது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக அண்டாவில் நெல் அவித்த பெண்கள் தம்மை அறியாமலே தம் குடும்பத்தை ஒரு கொடிய நோயிலிருந்து காத்து வந்திருக்கிறார்கள். அதைக் கண்டு சொன்னவர்கள் குன்னூரில் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அய்க்ராய்டு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைமை தாங்கப் போனார். அடுத்து வந்தவர் வி.என். பட்வர்தன், உயிர்வேதியியலாளர். இந்திய ஊட்டச்சத்து நிலையை முழுமையாகத் தொகுத்துச் சொன்ன நூல் ஒன்றை 1952இல் எழுதினார். 1958இல் ஆய்வகம் குன்னூர் மலையிலிருந்து ஹைதராபாத்துக்கு இடம் மாறியதும் அவர் தலைமையில்தான். மலையில் நோயாளி குறைவு, பெரிய மருத்துவமனை அருகில் இல்லை. நோய் இருக்கும் இடத்துக்கு ஆய்வகம் போனது சரியான முடிவு. தமிழ்நாட்டுக்கு அது இழப்பு என்ற ஆதங்கம் எனக்கு உண்டு, ஆனாலும் அந்த முடிவு சரிதான்.

பட்வர்தன் பெயரில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஊட்டச்சத்து அறிவியலுக்கான பரிசை நிறுவியது. 40 வயதுக்கு உட்பட்ட இந்திய அறிவியலாளருக்கு உரிய பரிசு இது. ஆய்வு இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் செய்ததோ, மருத்துவமனையில் செய்ததோ, களத்தில் செய்ததோ, மூன்றும் சமமாகத் தகுதி பெறும். இந்த விதிகளை எழுதியவர்கள் மறைந்தவரை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் என்பேன். வயது வரம்பு, மூத்தவர்கள் தமக்குள் மாலை மாற்றிக்கொள்வதைத் தடுக்கிறது. இந்தியாவில் செய்த ஆய்வு என்ற நிபந்தனை, அயல்நாட்டு ஆய்வகத்தின் பெருமையைக் கடன்வாங்குவதைத் தடுக்கிறது. மூன்றாவது விதி, கிராமத்தில் தராசோடு அலைந்தவரை நுண்ணோக்கியோடு இருந்தவருக்குச் சமமாக உட்கார வைக்கிறது.

இனி கோபாலனிடம் வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1940களில், பாதம் தீயாய் எரிகிறது என்று தூங்காமல் தவித்த ஏழை நோயாளிகளை ஆராய்ந்து, பி வகைச் சத்துகளில் ஒன்றான பான்டோதெனிக் அமிலம் கொடுத்தால் எரிச்சல் அடங்குகிறது என்று 1946இல் எழுதினார். அப்போது வயது 27. பிறகு லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்றுக் குன்னூருக்கு வந்தார். அவரது பதவிகளை விரைவாகச் சொல்லிவிடலாம்: 1960களின் தொடக்கத்திலிருந்து ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநர், 1970களின் நடுவிலிருந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர், சர்வதேச ஊட்டச்சத்து அறிவியல் ஒன்றியத்தின் தலைவர். 1970இல் பத்மஸ்ரீ, 1987இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 2003இல் பத்மபூஷண். இவற்றைவிட மூன்று சம்பவங்கள் அவரை நன்றாகக் காட்டும்.

முதலாவது, புரதம் பற்றியது. 1950களிலும் 60களிலும் உலகம் முழுக்க ஒரே பேச்சு: ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம் பற்றவில்லை. உடல் ஊதி, தோல் உரிந்து, தலைமுடி செம்பட்டையாகி மருத்துவமனைக்கு வரும் சவலைப் பிள்ளைகளைக் காட்டி, புரத நெருக்கடி வருகிறது என்று ஐ.நா. அவையே எச்சரித்தது. புரதமாவு செய்யத் திட்டங்கள் பிறந்தன. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவையும் கடலைப்பருப்பு மாவையும் கலந்து ஒரு பல்நோக்கு உணவை உருவாக்கியது. மல்லாட்டை என்று நாம் சொல்லும் நிலக்கடலை விளையும் தென்னார்க்காட்டுக்கு இதில் பெருமை தோன்றியிருந்தால் வியப்பில்லை. அந்த மாவு நல்ல உணவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோயின் காரணத்தைப் பற்றிய எண்ணத்தில்தான் குறை இருந்தது.

கோபாலனும் அவர் குழுவினரும் கிராமத்துக் குழந்தைகளின் தட்டை எடைபோட்டார்கள். ஊதிப்போன பிள்ளையும் எலும்பும் தோலுமாய் வற்றிய பிள்ளையும் ஒரே வகை வீட்டிலிருந்து, ஒரே வகைச் சாப்பாட்டிலிருந்து வந்தார்கள். சோற்றிலும் பருப்பிலும் புரதத்தின் விகிதம் போதுமானதாகவே இருந்தது. போதாமல் இருந்தது சாப்பாட்டின் அளவு. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் புரதமும் கூடவே போதுமான அளவு உள்ளே போயிருக்கும். வயிறு நிறையாதபோது, கொடுக்கும் புரதத்தையும் உடல் எரிபொருளாக எரித்துவிடுகிறது. இதைச் சோதிக்க, 1 முதல் 5 வயது வரையுள்ள கிராமக் குழந்தைகளுக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் கொண்டு செய்த சிற்றுணவை 14 மாதம் கொடுத்தார்கள். நாளுக்கு 310 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட எடையிலும் உயரத்திலும் தெளிவாக முன்னேறினார்கள். 1973இல் இது வெளியானது. விலையுயர்ந்த புரத டப்பாக்களை நம்பியிருந்த உலகுக்கு, கூடுதலாக ஒரு கரண்டிச் சோறு வேண்டும் என்று சொன்ன ஆய்வு அது. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டம் 1982இல் வந்தபோது, பிள்ளைகளுக்கு முதலில் வயிறார வேண்டும் என்ற அதன் அடிப்படைக்கு அறிவியல் சான்று ஏற்கெனவே இருந்தது.

இரண்டாவது, வைட்டமின் ஏ. குழந்தைகள் மாலைக்கண் வந்து, விழிவெண்படலம் உருகிப் பார்வை இழப்பதைத் தடுக்க, பெரிய அளவு மருந்தை ஒரே வேளையில் கொடுத்தால் கல்லீரல் அதைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்திக்கொள்ளும் என்று அவரது நிறுவனம் களத்தில் நிறுவியது. 1970இல் அது தேசியத் திட்டமானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு. எத்தனையோ கண்கள் பிழைத்தன. ஆனால் காலம் செல்லச் செல்ல, கண்பார்வை இழப்பு அரிதாகிவிட்ட பின்னும் அந்த மருந்தையே நிரந்தரத் தீர்வாக்க உலக அமைப்புகள் முனைந்தபோது, எதிர்த்து எழுதியவர்களில் முதல் வரிசையில் கோபாலன் இருந்தார். அது அவசரத்துக்கான ஏற்பாடு, கீரையும் காயும் பழமும் தட்டுக்கு வரும்வரைக்கும்தான் என்று வாதிட்டார். தம் நிறுவனத்தின் புகழ்பெற்ற சாதனைக்கே எல்லை வகுத்தார். அறிவியலில் இதைவிடக் கடினமான நேர்மை எனக்குத் தெரிந்து வேறில்லை.

மூன்றாவது, உயரம். 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஏழை நாட்டுப் பிள்ளைகள் குள்ளமாக இருந்தாலும் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள், உடல் சூழலுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்டது, அதற்கு உணவுத் திட்டம் எதற்கு என்ற பொருளில் எழுதினார். அரசுகளுக்கு இனிப்பான பேச்சு. கோபாலன் 1983இல் தாம் நடத்திய இதழில் இதற்கு விடை எழுதினார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாத அளவுகோல் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பொருந்தும் என்பது அவர் கேள்வியின் சாரம். வளர்ச்சி குன்றிய பெண் குழந்தை நாளை குறைந்த எடையில் பிள்ளை பெறும் தாயாகிறாள் என்பதை அவர் விடாமல் சொன்னார். இன்று வளர்ச்சிக் குறைவை எல்லா நாடுகளும் அளவிடுகின்றன. அன்று அந்த வாதத்தில் அவர் அசைந்திருந்தால் அது நடந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் முடிவுகள் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். தக்காணத்தில் சோளம் உண்பவர்களுக்குப் பெல்லாக்ரா என்னும் நோய் வருவதற்கு, சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலம் காரணம் என்று 1960இல் அவரும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் எழுதினர். பிற ஆய்வாளர்கள் சிலர் ஒப்பவில்லை, விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர் சீடர்கள் அதை மறைப்பதில்லை. நல்ல ஆசிரியரின் நினைவுக்கு அது குறைவுமில்லை.

நிறுவனங்கள் கட்டுவதில் அவருக்கு இருந்த கை வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. 1967இல் இந்திய ஊட்டச்சத்துக் கழகம் பிறந்தது. 1972இல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புக் குழுமம் தொடங்கி, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வீடுவீடாக உணவை எடைபோட்டு வந்தது. அது 2015இல் மூடப்பட்டது பெரிய நட்டம். மக்கள் என்ன தின்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்துவந்த கண் அது. 1980இல் டெல்லியில் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவி, காலாண்டு இதழ் ஒன்றை நடத்தி, முதுமையிலும் அதில் எழுதினார்.

ஊட்டச்சத்துக் கழகத்தின் ஆண்டு மாநாட்டில்தான் இளம் அறிவியலாளர் பரிசுகள் வழங்கப்படுகின்றன, இளையோர் பிரிவு, மூத்தோர் பிரிவு என்று. கோபாலன் பெயரில் சொற்பொழிவும் அங்கே நடக்கிறது. இளைஞர்கள் மேடையேறித் தம் ஆய்வைச் சொல்ல வேண்டும், நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். முதல்முறை மேடையேறும் மாணவிக்கு நாக்கு உலரும். ஆனால் தான் எடுத்த எடையையும் தான் பார்த்த குழந்தையையும் பற்றிக் கேட்கும்போது பதில் தானாக வரும். இரவல் எண்களை வைத்துக்கொண்டு போனவருக்கு வராது. நல்ல நடுவர் இரண்டாம் கேள்வியிலேயே இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது நம் ஊர். பசியைப் பற்றிய சிந்தனைக்கு இந்த மண்ணில் நீண்ட வேர் உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, வந்தவர்க்கெல்லாம் சாதி கேட்காமல் சோறு போடுகிறது. தருமசாலை தொடங்கிப் பத்தாண்டுக்குள் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. பசியே முதல் பிணி என்று அவர் வைத்த முறையும், கலோரியே முதல் குறை என்று கோபாலன் கண்ட முறையும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பது என் எண்ணம்.

கல்வியிலும் அப்படியே. 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. அந்த மருத்துவக் கல்லூரியே 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. கடலூருக்குரிய மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில் இருப்பதால், திட்டக்குடியிலிருந்து வரும் தாயும் தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் தாயும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில், பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா வளர்த்தெடுத்த கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் வேளாண் புலம் இருக்கிறது. விருத்தாசலத்தில் மண்டல ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலையிலும் முந்திரியிலும் புது ரகங்களைத் தந்திருக்கிறது. மருத்துவர், மீன் அறிந்தவர், பயிர் அறிந்தவர் மூவரும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் வாய்ப்பு குன்னூருக்குக்கூட இல்லை.

ஒரு மாவட்டத்துக்குள் எத்தனை வகைத் தட்டு என்று பாருங்கள். கடலோரத்தில் மீனும் கருவாடும். வீராணம் பாசனத்தில் புழுங்கல் சோறு. நெல்லிக்குப்பத்தில் கரும்பு. பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும். விருத்தாசலம், திட்டக்குடி வானம்பார்த்த பூமியில் ஒரு காலத்தில் கம்பங்கூழும் வரகும், இன்று பெரும்பாலும் ரேஷன் அரிசி. இந்த மாற்றம் உடம்பில் என்ன செய்திருக்கிறது? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 விழுக்காட்டுப் பெண்கள் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். ஒரே வீட்டில் வெளுத்த மகளும் பருத்த தாயும். ஒரே பெண்ணிடமே இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. குறைவும் மிகுதியும் ஒன்றாக வரும் இந்த இரட்டைச் சுமையைப் பற்றி கோபாலன் தம் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப எழுதினார்.

மாநிலச் சராசரி நமக்கு வழி காட்டாது. பண்ருட்டியில் கை கருக முந்திரி உடைக்கும் பெண்ணின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு? அவர் உடைக்கும் பருப்பில் ஒன்றேனும் அவர் பிள்ளை வாய்க்குப் போகிறதா? பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டு நீரில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பம், பிடித்ததை விற்றுவிட்டு வீட்டில் என்ன சமைக்கிறது? முள்ளோடு சேர்த்துத் தின்னும் நெத்திலிக் கருவாடு தரும் சுண்ணாம்புச் சத்து பெரிதா, அதிலுள்ள உப்பு ரத்த அழுத்தத்துக்குச் செய்யும் தீங்கு பெரிதா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. வருமானத்தோடு அந்தக் குடும்பங்களின் தட்டிலிருந்தும் எதெல்லாம் போனது, எது திரும்பி வந்தது? இவை ஒவ்வொன்றும் ஒரு முதுகலை மாணவியால் செய்யக்கூடிய ஆய்வு. இவற்றுக்கு ஹைதராபாத்திலிருந்து எவரும் வரவேண்டியதில்லை.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் கல்லூரிகளில் வரும் ஆய்வேடுகளில் கணிசமானவை ஏதோ ஒரு மாவில் சத்து மிகுத்த பிஸ்கட் செய்து, வகுப்புத் தோழியரிடம் சுவை பார்த்து மதிப்பெண் வாங்குபவை. அவற்றால் தீங்கில்லை. ஆனால் அந்த உழைப்பில் பாதியைக் கிராமத்துக்குத் திருப்பினால், இளம் அறிவியலாளர் மேடையில் கடலூர் மாவட்டத்துப் பெயர் அடிக்கடி கேட்கும். அதற்கு வேண்டியது பேருந்துக் கட்டணமும், வீட்டார் நம்பிக்கையும், முறையான ஒப்புதலும், பொறுமையும்தான். அம்மா, அக்கா என்று கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நேற்றுக் காலை முதல் இன்றுவரை சாப்பிட்டதைக் கேட்டு எழுதுவது இழிவான வேலையென்று எந்த மாணவரும் எண்ணக் கூடாது. அய்க்ராய்டின் ஆட்களும் கோபாலனின் ஆட்களும் செய்தது அந்த வேலைதான்.

தொடங்க ஓர் இடமும் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனம் பெருக அது தேவை. அரசு நிவாரணத் தொகையும் தருகிறது. அந்த இரண்டு மாதத்தில் தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் கிள்ளையிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எடை என்ன ஆகிறது, மீன் இல்லாத தட்டில் அதன் இடத்துக்கு எது வருகிறது என்று கண்டறிய வேண்டும். தடை தொடங்கும் வாரத்தில் ஒரு முறை, முடியும் வாரத்தில் ஒரு முறை, மழைக்காலம் வந்தபின் இன்னொரு முறை, அதே பிள்ளைகளை எடைபோட்டு வீட்டுச் சாப்பாட்டையும் எழுத வேண்டும். தராசும் உயரமானியும் அங்கன்வாடியில் ஏற்கெனவே இருக்கின்றன. பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் அங்கே பதிவேட்டில் உள்ளன. ஜனவரியில் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் கொடுத்தால் ஏப்ரலுக்குள் ஒப்புதல் கிடைக்கும்.